ஒன்பது போணி

அத்தியாயம் 14

எர்ணாவூர் நிலத்தை விற்ற பணம் ரோசியின் கணக்கில் விழுந்து இன்றோடு பதினொரு நாள். வரி, புரோக்கர் எல்லாம் போகக் கையில் நின்றது ஒரு கோடியே பத்து லட்சம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், மீன் விற்றுச் சீட்டு எடுத்த காசில் அவள் அங்கே மூன்று மனை வாங்கியபோது, உப்புத் தண்ணீரில் காசைக் கொட்டுகிறாளே என்று ராயபுரமே சிரித்தது. போன மாதம் கன்டெய்னர் யார்டுக்காரர்கள் வந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிப் போனார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பேர் ரோசியின் வீட்டு வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. நகைக்கடைக்காரர் நகைச்சீட்டோடு வந்தார். பங்குச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒருத்தர் செல்போனோடு வந்தார். வங்கியிலிருந்து டை கட்டிய பையன் ஒருவன் வந்து, 'வெல்த் மேனேஜர்' என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்துவிட்டு, மீன் வாடைக்கு மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டான்.

எல்லாருக்கும் ரோசி ஒரே பதிலைத்தான் சொன்னாள். "என் தம்பிய கேக்காம ஒரு கையெழுத்து போட மாட்டேன்."

அந்தத் தம்பி ஆண்ட்ரூ, புதன்கிழமை பதினொரு மணிக்கு, கக்கத்தில் ஃபைலோடு படியேறினான். இருபது வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஃபைலில் அக்காவுக்கான படிவம் தயார். வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம், பத்து வருஷம் கட்டினால் அதற்கப்புறம் காலம் முழுக்க வருமானம். கையெழுத்துப் போட வேண்டிய பதினான்கு இடங்களிலும் பென்சிலால் டிக் அடித்து வைத்திருந்தான்.

திட்டம் மோசமானது என்று அவன் நினைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நினைத்திருந்தால் அக்காவிடம் கொண்டு வந்திருக்க மாட்டான். ஆனால் முதல் வருஷக் கமிஷனாக மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் வரும் என்பதை அவன் நினைக்காமலும் இல்லை. மகள் ரூத்துக்குப் பிசியோதெரபி சீட் கிடைத்திருந்தது. முதல் வருஷக் கட்டணம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பணம் இன்னும் புரளவில்லை என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

உள்ளே, அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வா நைனா, குந்து," என்றாள் ரோசி. காசிமேடு மீன் சந்தையிலிருந்து வந்து குளித்திருந்தாள். ஆனாலும் முழங்கையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது. "இது யாரு தெரியுதா? டோல்கேட் டீச்சரம்மா பொண்ணு, ஜெயஸ்ரீ. வாரத்துக்கு ரெண்டு தபா மீன் குடுப்பேன்ல, அந்த வூடு. துட்ட பார்த்துக்கற வேலைன்னு டீச்சரம்மா சொல்லிச்சி. நீயும் இருக்க சொல்ல கேட்டுடலாம்னுதான் வர சொன்னேன்."

ஆண்ட்ரூ ஃபைலைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டான். சிரித்தபடி பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"கம்பெனி எதுவும் இல்லண்ணா. தனியாத்தான் பண்றேன்."

"எந்த பிளான் குடுக்கறீங்க?"

"நான் எதையும் விக்கறதில்ல."

"விக்காம இன்னாதான் பண்ணுவீங்க?"

ஜெயஸ்ரீ பதில் சொல்வதற்குள் ரோசி குறுக்கே வந்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவள் எதையும் வாங்கியதில்லை.

"அதெல்லாம் வுடு. உனக்கு யாரு துட்டு குடுக்கறா? அத்த சொல்லு."

"நீங்கதான் ஆன்ட்டி. வருஷத்துக்கு இருபதாயிரம். வேற யாருகிட்டயும் ஒரு பைசா வாங்கக் கூடாது. வாங்கினா செபி என் பதிவையே பிடுங்கிடும்."

"இருபதாயிரமா! பேசறதுக்கா!"

ஆண்ட்ரூவுக்கு உயிர் வந்தது. "நான் சொல்றதெல்லாம் ஃப்ரீதான்க்கா," என்றான்.

ஜெயஸ்ரீ பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பேங்க்லேர்ந்து டை கட்டிகினு ஒரு புள்ள வந்துச்சே," என்றாள் ரோசி. "அதுவும் வெல்த்து மேனேஜருன்னுச்சி. டீச்சரம்மாவும் உன்ன அப்டித்தான் சொல்லிச்சி. ரெண்டும் ஒண்ணுதானா?"

"அட்டையில எதை வேணா அச்சடிக்கலாம் ஆன்ட்டி. பேங்க் உங்க பணத்தை வச்சுக்கும். புரோக்கர் நீங்க சொன்ன பங்கை வாங்கிக் குடுப்பார். ஆடிட்டர் முடிஞ்சுபோன வருஷத்துக்குக் கணக்கு எழுதுவார். அண்ணா மாதிரி ஏஜென்ட், ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா குடும்பம் நடுத்தெருவுக்கு வராம இருக்க பாலிசி குடுப்பார். இவங்க எல்லாருமே வேணும். ஆனா அவங்கவங்க பக்கத்தை மட்டும்தான் பார்ப்பாங்க. இந்தப் பணம், அங்கிளோட பென்ஷன், வீட்டுக் கடன், உங்க உடம்பு, உங்களுக்கு அப்புறம் எது யாருக்குன்னு மொத்தத்தையும் ஒண்ணா வச்சுப் பார்க்கறதுக்கு ஒரு ஆள் வேணும். அதுதான் என் வேலை. அந்த பேங்க் தம்பி எப்படின்னு எனக்குத் தெரியாது. பேங்க் அவருக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குதுன்னு கேட்டுப் பாருங்க, தெரிஞ்சுடும்."

ரோசி தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"ஏலம் வுடறவன் கிட்டயே போயி, மீனு நல்லா கீதான்னு கேட்டா இன்னா சொல்லுவான்? துள்ளுது பாருன்னுவான். வித்தாதான அவனுக்குக் கமிஷன்! அவன் மேல தப்பில்ல, அது அவன் தொழிலு. நாமதான் செவுள தூக்கணும். அப்ப நீ ஏலக்காரி இல்ல, எனக்காவ செவுள தூக்கிப் பார்க்கற ஆளு. சர்தானா?"

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லித் தான் கேட்டதில்லை என்று ஜெயஸ்ரீ வாய்விட்டுச் சொன்னாள். ஆண்ட்ரூவும் சிரித்தான். ஆனால் அக்கா சொன்ன ஏலக்காரனின் முகம் தன் ஜாடையில் இருப்பது போல அவனுக்குப் பட்டது.

"பழைய பேப்பர் எல்லாம் கொண்டு வாங்க ஆன்ட்டி."

ரோசி பீரோவிலிருந்து ஒரு துணிக்கடைப் பையைத் தூக்கி வந்து கவிழ்த்தாள். ரசீது, பத்திர நகல், கணவர் இக்னேஷியஸின் துறைமுகச் சம்பளச் சீட்டு, சர்ச் காலண்டர் ஒன்று, நடுவே ஒன்பது இன்சூரன்ஸ் பாலிசிகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஏஜென்ட் பெயர்.

ஜெயஸ்ரீ ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஒன்பதா? எதுக்கு ஆன்ட்டி?"

"போணி," என்றாள் ரோசி.

"என்னது?"

"போணி கண்ணு. கடை போட்டா மொத யாவாரம் ஆவணும். அது ராசியான கையில ஆவணும். என் வூட்டுக்காரரோட தங்கச்சி ஜானட் ஏஜென்ட் ஆச்சி, மொத பாலிசி நான் போட்டேன். கோயில்ல பாட்டு பாடுமே அந்தப் பொண்ணு, அதுக்கும் நான்தான். ஐஸ் கம்பெனி மஹீன் பாய் மருமவனுக்கும் நான்தான். வந்து நிக்கறவங்கள போணி பண்ணாம எப்டி அனுப்பறது? காலைல போணி ஆவாம கூடைய வச்சிகினு குந்திகினு இருந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" பையின் அடியில் கிடந்த, மஞ்சளாகிப்போன ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "எல்லாத்துக்கும் மொத போணி இதான். என் தம்பிக்கு."

ஆண்ட்ரூ தன் கையெழுத்தைப் பார்த்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் போட்ட கோணல்மாணலான கையெழுத்து. இப்படி எட்டுப் பேருக்கு அக்கா போணி பண்ணியிருப்பாள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஜெயஸ்ரீ கூட்டிப் பார்த்தாள். "வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் கட்டறீங்க. ஒன்பதும் சேர்ந்து உங்களுக்குக் குடுக்கற பாதுகாப்பு ஆறரை லட்சம். ஆனா ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பாலிசி கிடையாது. உங்களுக்கும் இல்ல, அங்கிளுக்கும் இல்ல. ஒன்பது பேரை வாழ வச்சிருக்கீங்க ஆன்ட்டி. உங்களுக்குன்னு யாரும் எதுவும் போடல."

குத்திக் காட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. அதனால்தான் ஆண்ட்ரூவுக்குச் சுருக்கென்று இருந்தது. அக்காவுக்கு ஆஸ்பத்திரிப் பாலிசி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதில் கமிஷன் கம்மி என்பதும் தெரியும்.

அடுத்த முக்கால் மணி நேரம் ஜெயஸ்ரீ கேள்வி மேல் கேள்வி கேட்டாள். இக்னேஷியஸ் கிரேன் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம். மகன் பென்னிக்குக் கப்பலில் என்ன சம்பளம், வீட்டுக்கு அனுப்புகிறானா. யாருக்காவது ஜாமீன் கையெழுத்து உண்டா. முட்டி வலிக்கிறதா. பதில்கள் எல்லாம் அந்த ஒற்றை வெள்ளைத் தாளில் இறங்கின. இடது பக்கம் இருப்பது, வலது பக்கம் தர வேண்டியது, கீழே வருஷங்கள்.

ஆண்ட்ரூ எட்டிப் பார்த்துப் பிரமித்துப் போனான். இருபது வருஷமாக எத்தனையோ குடும்பத்துக்குப் படிவம் நிரப்பியிருக்கிறான். பெயர், பிறந்த தேதி, நாமினி, தொகை. ஒரு குடும்பம் மொத்தமாக எப்படி இருக்கும் என்று அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதோ, கூடப் பிறந்தவளின் ஐம்பத்திரண்டு வயசு முழுக்க ஒரு தாளில் கிடக்கிறது. எவ்வளவு தூக்கியிருக்கிறாள் இந்த மனுஷி! கூடையில் ஆரம்பித்து ஆட்டோவுக்கு வந்து, பதினாலு ஓட்டலுக்கு மீன் போட்டு, வீடு கட்டி, நிலம் வாங்கி.

"இப்ப சொல்லுங்க ஆன்ட்டி. இந்தப் பணம் உங்களுக்கு எதுக்கு வேணும்?"

"பென்னி ஒரு போட்டு வாங்கலாம்னு..."

"அது பென்னிக்கு. உங்களுக்கு?"

"வூட்டுக்காரருக்கு மாடில ஒரு ரூம் போட்டுக் குடுத்தா..."

"அது அங்கிளுக்கு. நான் உங்களைக் கேக்கறேன்."

தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. சந்தையில் நூறு பேர் கூச்சலுக்கு நடுவே ஒற்றை ஆளாகப் பதில் கொடுக்கும் மனுஷி, விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கணும்," என்றாள் கடைசியில்.

"என்ன ஆன்ட்டி?"

"காத்தால வெளிச்சம் வர்ற வரிக்கும் தூங்கணும் கண்ணு. முப்பத்தோரு வருஷமா ஒண்ணரை மணிக்கு எழுந்துக்கறேன். ஏலத்துக்கு. மழைலயும், ஜொரத்துலயும், பென்னி வயித்துல இருக்க சொல்லயும். ஞாயித்துக்கிழமகூட முழிப்பு வந்துடுது. வெயில் வந்து மூஞ்சில அடிக்கற வரிக்கும் ஒரு நாளு தூங்கிப் பார்க்கணும்." சொல்லிவிட்டு, ஏதோ பேராசைப்பட்டுவிட்டவள் போலச் சிரித்தாள். "அதுக்குப் போயி கோடி ரூபா இன்னாத்துக்கு?"

ஜெயஸ்ரீயின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தாளில் எண்களைப் போட ஆரம்பித்தாள். மீன் வியாபாரத்தில் மாதம் கையில் நிற்பது முப்பத்தைந்தாயிரம். அதை வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏற்றபடி ஏற்றினாள். ரோசியின் தொண்ணூறு வயசு வரைக்கும் இழுத்தாள். சந்தை விழும் வருஷங்கள் இரண்டு மூன்றை வேண்டுமென்றே நடுவில் நுழைத்தாள். இரண்டு வருஷச் செலவு கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பகுதி ஆடாமல் அசையாமல் டெபாசிட்டில், மீதி நீண்ட காலத்துக்கு வளர. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிப் பாலிசி.

"அதை அண்ணாவே போட்டுத் தரட்டும்," என்றாள். அப்புறம் கணக்கை இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, நான் கொஞ்சம் பயந்த சுபாவம். எல்லாத்தையும் குறைச்சுத்தான் போட்டிருக்கேன். அப்படியும் வருது. வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க தூங்கலாம்."

ரோசி தாளைத் தொட்டாள். அவளுக்குப் பெரிய எழுத்துத்தான் படிக்க வரும். ஆனாலும் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள், சர்ச்சில் திவ்ய நற்கருணைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவள் முகத்தில் வருகிற அந்தப் பயபக்தியோடு.

"மெய்யாலுமா? நான் போவாம, அதுவா வந்துகினு இருக்குமா?"

"வரும் ஆன்ட்டி."

"மாதாவே," என்றாள் ரோசி. பிறகு நினைப்பு வந்தவளாகத் திரும்பினாள். "தம்பி ஒரு பிளான் கொண்டாந்திருக்கானே. அத்தயும் பாரு."

ஆண்ட்ரூ ஃபைலை நீட்டினான். ஜெயஸ்ரீ பென்சில் டிக்குகளைத் தாண்டி, தொகையைப் பார்த்தாள்.

"கட்டலாம் ஆன்ட்டி. கம்பெனி சொன்னதைக் குடுக்கும். ஆனா இருக்கற பணம் மொத்தமும் இந்தத் தவணைக்கே போயிடும். கட்டி முடிக்கற வரைக்கும் மாசச் செலவுக்கு நீங்க காசிமேட்டுக்குப் போய்த்தான் ஆகணும்."

"எத்தினி வருஷம்?"

"பத்து."

பத்து வருஷம். ஒண்ணரை மணி. ஆண்ட்ரூ அந்தப் பெருக்கலை மனசுக்குள் போட்டான். மூவாயிரத்து அறுநூற்றைம்பது விடியல்கள். இவளுடைய அத்தனை தூக்கத்தையும் பதினான்கு டிக் அடித்து அவன் பைக்கில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறான்.

யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயஸ்ரீ பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். பேசாமல் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம்.

"அக்கா," என்றான். "இதுல எனக்கு மூணு லட்சம் வருது. மொத வருஷமே."

"ஃப்ரீன்னு சொன்னியே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரோசி கோபப்படவில்லை. விலை படியாத மீனைப் பார்ப்பது போல அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ரூத்து காலேஜிக்கா?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? புள்ளைக்கு சீட்டு கெடச்சிடுச்சின்னு சந்தோசமா நேத்து ரெண்டு கிலோ வவ்வா எட்த்துகினு போனேன். உன் பொண்டாட்டி மீனு வேணாம்க்கான்றா. சீட்டு கெடச்ச வூட்ல எவளாவது வவ்வா வேணாம்பாளா? துட்டு பேஜாருல கீறீங்கன்னு அப்பவே தெரிஞ்சிகினேன். நீயா வாய தொறந்து கேப்பேன்னு பார்த்துகினு இருந்தேன்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. இத்தினி டிக்கு அடிச்சி இன்னாத்துக்கு இஸ்துகினு வந்த?"

ஆண்ட்ரூ அழுதான். நாற்பத்தைந்து வயசில், டோல்கேட் டீச்சரம்மாவின் பெண் முன்னால், வெட்கமில்லாமல் அழுதான்.

"வேணாம்க்கா. நான் வேற எங்கனா..."

"நீ யாருடா வேணாம்ன்றதுக்கு? நான் என் புள்ளைக்கிக் குடுக்கறேன்." ரோசி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினாள். "எதுக்கு வேணும்னு கேட்டல்ல? எழுதிக்க. ஒண்ணு தூக்கம். ரெண்டு ரூத்து காலேஜி. துட்டு பத்துமா, பார்த்து சொல்லு."

பத்தியது. ஜெயஸ்ரீ ஒரு வரியை அடித்து இன்னொரு வரியைக் கூட்டினாள், அவ்வளவுதான்.

படியிறங்கி வந்தபோது ஆண்ட்ரூவுக்கு உடம்பே லேசாகிப்போயிருந்தது. பைக்குக்குப் பக்கத்தில் வேதமாணிக்கம் அண்ணாச்சி குடையோடு நின்றுகொண்டிருந்தார். டோல்கேட்டில் முப்பது வருஷம் பருப்பு மொத்த வியாபாரம். கடையைக் கைமாற்றிவிட்டு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறார்.

"தம்பி, ரோசியம்மா கையெழுத்துப் போட்டாச்சா?" சட்டைப் பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்தார். "கடை குடுத்த பணம். இருவது லட்சம். அவங்க போடுத அதே திட்டத்துல என்னையும் போட்டுரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆண்ட்ரூவின் கை பழக்க தோஷத்தில் முன்னால் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அக்கா போடல அண்ணாச்சி."

"ஏன்?"

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். இத்த நீங்க போட்டா, கட்டற மொத தவணைல கால் பங்கு எனக்கு வரும். இதுவரிக்கும் யாருகிட்டயும் நான் சொன்னதில்ல."

அண்ணாச்சி கடகடவென்று சிரித்தார். "யாவாரத்துல லாபம் இல்லாமலா? பருப்புல நான் வைக்கலியா? இதுக்கா மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

ஆண்ட்ரூவும் சிரிக்கப் பார்த்தான்.

ஆனால் அண்ணாச்சி வியாபாரி. வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனசு கணக்குப் போடும். சிரிப்பு மெதுவாக நின்றது. காசோலையை நாலாக மடித்து, பைக்குள் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"தம்பி, எம் மவன் ஷிபினுக்குன்னு ஒரு பாலிசி போட்டியே. ஏழு வருசமாக் கெட்டிக்கிட்டு வாரேன். யாவாரம் படுத்த வருசம்கூட, வீட்டுக்காரி வளையலை வச்சுக் கெட்டினேன். நீதான் வந்து வாங்கிட்டுப் போனே." அவர் குரலில் கோபமே இல்லை. "அது ஷிபினுக்கு வேணும்னு போட்டதா, உனக்கு வேணும்னு போட்டதா?"

ஆண்ட்ரூ யோசித்தான். அந்த நாளை, அந்தக் கடையை, தான் பேசிய பேச்சை எல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.